முதல் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்கள் எழுதிய கடிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1914 முதல் 1918 வரை பிரான்சிலும் பெல்ஜியத்திலும் போரிட்ட இந்தியச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள், நவீனப் போரைப் பற்றி நம் நாட்டு எளிய மனிதர்கள் விட்டுச் சென்ற முதல் பெரும் சாட்சியத் தொகுதியாகும். அவற்றைப் படிக்கத் தொடங்கும் தமிழ் வாசகர்கள் எழுப்பும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே தரப்படுகின்றன. கடிதம் எழுதிய சிப்பாய்கள் தம் சொற்கள் அச்சில் வரும் என்று எண்ணி எழுதியவர்கள் அல்லர் என்பதால், அவர்களுடைய பெயர்களை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

இந்தக் கடிதங்கள் இன்று எங்கே இருக்கின்றன?

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணப் பிரிவில் இருக்கின்றன. ஆனால் அங்கே இருப்பவை சிப்பாய்கள் கைப்பட எழுதிய தாள்கள் என்று எண்ணிக்கொண்டு போகிறவர் ஏமாற்றமடைவார். பிரான்சில் இயங்கிய இந்திய அஞ்சல் தணிக்கை அலுவலகம் வாரந்தோறும் ஓர் அறிக்கை தயாரித்தது. அந்த அறிக்கையோடு, தேர்ந்தெடுத்த கடிதங்களின் பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணைத்தது. நமக்குக் கிடைத்திருப்பவை அந்த ஆங்கிலப் பகுதிகள்தாம். உருதுவிலும் இந்தியிலும் குர்முகியிலும் பஷ்தோவிலும் எழுதப்பட்ட மூலக் கடிதங்கள், தணிக்கையைக் கடந்ததும் உறையில் திரும்ப வைக்கப்பட்டு ஊர்களுக்குப் போயின. அங்கே பெட்டிகளிலும் கூரைகளிலும் கிடந்து, பெரும்பாலானவை அழிந்துவிட்டன.

இந்தச் சாட்சியம் காப்பாற்றப்பட்டது சிப்பாய்களின் மீதுள்ள அக்கறையால் அன்று, அவர்களைக் கண்காணிக்க வேண்டும் என்ற கவலையால்தான் என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இந்தத் தொகுதியின் பலமும் குறையும் அந்த ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை.

இந்தியப் படை ஐரோப்பாவுக்கு ஏன் கொண்டுசெல்லப்பட்டது?

1914 ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் போரில் இறங்கியபோது, அது உடனே அனுப்பக்கூடிய தொழில்முறைப் படை ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைக் கொண்டது. முதல் சில வாரங்களிலேயே அதில் பெரும் சேதம் ஏற்பட்டது. பயிற்சி பெற்ற, ஆயத்தமாக இருந்த வேறு பெரிய படை பேரரசில் இந்தியாவில்தான் இருந்தது. லாகூர், மீரட் என்ற இரு காலாட்படைப் பிரிவுகள் புறப்பட்டன. முதல் கப்பல்கள் செப்டம்பர் 26 அன்று மார்செய் துறைமுகத்தை அடைந்தன. அங்கே அவர்களுக்குப் புதிய வகைத் துப்பாக்கி கொடுக்கப்பட்டது. வெயில் நாட்டுக்கு ஏற்ற மெல்லிய காக்கி உடையோடு வந்திறங்கியவர்கள், அக்டோபர் இறுதியில் பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே போர்முனையில் நின்றார்கள். அந்த ஆண்டின் இறுதி மாதங்களில் பிரிட்டிஷ் தரப்பின் முன்வரிசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அவர்கள் தாங்கியதாகக் கணக்கிடுகிறார்கள்.

காலாட்படை 1915 இறுதியில் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு, மாற்றப்பட்டது. குதிரைப்படை 1918 தொடக்கம் வரை பிரான்சிலேயே இருந்தது. எனவே 1914, 1915 ஆண்டுகளின் கடிதங்கள் பெரிதும் காலாட்படைச் சிப்பாய்களுடையவை, பிற்காலக் கடிதங்கள் குதிரைப்படையினருடையவை. இரண்டின் தொனியும் வேறு. ஒன்றிலிருந்து பொதுமுடிவு எடுத்து மற்றொன்றின் மீது ஏற்றுவது, இந்தக் கடிதங்களைப் பற்றி எழுதுபவர்களிடம் அடிக்கடி காணும் பிழை.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கடிதம் எழுதியது எப்படி?

பெரும்பாலோர் சொல்ல, எழுதத் தெரிந்த ஒருவர் எழுதினார். அந்த ஒருவர் அதே படைக்குழுவில் உள்ள நாயக் என்ற கீழ்நிலைத் தலைவராகவோ, எழுத்தராகவோ, பக்கத்துப் படுக்கையில் கிடக்கும் காயம்பட்டவராகவோ இருந்தார். ஊரிலும் கடிதம் பெற்றவர் தாமே படித்துவிடுவதில்லை. பள்ளி ஆசிரியரோ அஞ்சல்காரரோ உரக்கப் படிக்க, வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து கேட்டார்கள். நம் ஊர்களிலும் சிங்கப்பூரிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த கடிதங்களைத் தெருவே கூடிக் கேட்ட காலம் ஒன்று இருந்ததால், தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதனால் விளைவது என்னவென்றால், கணவன் மனைவிக்குச் சொல்ல நினைத்த அந்தரங்கம்கூட எழுதுபவர், படிப்பவர் என்ற குறைந்தது இரண்டு அந்நியர்களின் வழியே போக வேண்டியிருந்தது. கடிதத்தின் தொடக்கத்தில் வரும் நீண்ட நலம் விசாரிப்பும், ‘சர்க்கார்’ வாழ்க என்ற வாழ்த்தும் எழுதுபவரின் கைப்பழக்கமாக இருக்கக்கூடும். நடுவில் திடீரென ஒரு வரி எந்த அலங்காரமும் இல்லாமல் முறிந்து வந்தால், அங்கே சொன்னவரின் குரல் கேட்கிறது என்று கொள்ளலாம். இது என் ஊகந்தான். ஆயினும் பல கடிதங்களைத் தொடர்ந்து படித்தபின் இந்த வேறுபாடு காதில் விழத் தொடங்குகிறது.

தணிக்கை எப்படி நடந்தது?

இரண்டு அடுக்குகளாக நடந்தது. முதலில் படைப்பிரிவிலேயே பிரிட்டிஷ் அதிகாரிகள் வெளியே செல்லும் கடிதங்களைப் பார்த்தார்கள். அதன்பின் அவை தலைமைத் தணிக்கை அலுவலகத்துக்குப் போயின. 1914 இறுதியில் தொடங்கிய அந்த அலுவலகத்தின் முதல் தலைவர் ஈவ்லின் ஹவெல் என்ற இந்திய சிவில் சர்வீஸ் அதிகாரி. அலுவலகம் தொடக்கத்தில் ரூவான் நகரிலும் பின்னர் பூலோன் துறைமுக நகரிலும் இயங்கியது. வெளிநாடுவாழ் இந்தியர்கள் தொடங்கிய விடுதலைப் புரட்சி இயக்கமான கெதரின் வெளியீடுகள் போன்ற புரட்சி எழுத்துகள் சிப்பாய்களை அடைந்துவிடுமோ என்ற அச்சமே அது தோன்றிய காரணம். ஆகவே ஊரிலிருந்து வரும் கடிதங்களும் பார்க்கப்பட்டன.

1915 மார்ச் அளவில் பிரான்சில் இருந்த இந்தியர்கள் வாரத்துக்குப் 10,000 முதல் 20,000 கடிதங்கள் வரை எழுதினார்கள். ஒரு சில ஊழியர்களே இருந்த அலுவலகத்தால் அவை அனைத்தையும் படித்திருக்க முடியாது. பொறுக்கி எடுத்தே படித்தார்கள். படித்தவற்றிலும் ஏறத்தாழ நூறு கடிதங்களின் பகுதிகள் வாராந்தர அறிக்கையில் இடம்பெற்றன. அறிக்கையின் படிகள் இந்திய அலுவலகத்துக்கும் போர் அலுவலகத்துக்கும் பக்கிங்ஹாம் அரண்மனைக்கும்கூடச் சென்றன. கடிதங்களை நிறுத்தி வைத்தது மிகக் குறைவு. ஆட்சேபத்துக்குரிய வரிகளை அடித்துவிட்டு அனுப்புவதே வழக்கமாக இருந்தது. சிப்பாய்களின் மனநிலை எப்படி இருக்கிறது என்று அறிவதே அந்த அலுவலகத்தின் பெரும்பணியாக மாறியது.

ஹவெலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கூர்மையான வாசகர். 1915 தொடக்கத்தில் பலர் கவிதை எழுதத் தொடங்கியிருப்பதைக் கண்டு, அது மன அமைதியின்மைக்கு அடையாளம் என்று அறிக்கையில் கவலையோடு குறிப்பிட்டார். வேறொருவர் அதைப் பொழுதுபோக்கு என்று தள்ளியிருப்பார்.

தணிக்கை நடக்கிறது என்று தெரிந்தே எழுதியவற்றை எப்படி நம்புவது?

இந்தத் தொகுதியைப் பற்றி எழுப்பத்தக்க கேள்விகளில் இதுவே தலையாயது. ஒரு கடிதம் நம் கைக்கு வரும்போது சொன்னவர், எழுதியவர், படைப்பிரிவு அதிகாரி, தணிக்கையாளர், மொழிபெயர்ப்பாளர் என்று ஐந்து பேரைக் கடந்து வந்திருக்கிறது. தமிழில் படித்தால் ஆறாவதாக ஒருவரும் சேர்கிறார். இந்த ஐவரும் என்ன செய்திருக்கக்கூடும் என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் தனித்தனியாகக் கேட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சிப்பாய்கள் தணிக்கையை அறிந்திருந்தார்கள். அறிந்து அதைச் சுற்றிப்போக முயன்றார்கள். மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு மிளகுக் கடிதம். கருப்பு மிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகைப் பயன்படுத்துகிறார்கள், ஆனாலும் அவ்வப்போது கருப்பு மிளகு உதவுகிறது, கருப்பு மிளகுக்குக் காரம் மிகுதி, சிவப்புக்கு அவ்வளவு இல்லை என்று ஒருவர் ஊருக்கு எழுதினார். கருப்பு என்பது இந்தியப் படை, சிவப்பு என்பது வெள்ளையர் படை என்பதைத் தணிக்கையாளர் கண்டுகொண்டார். வட இந்திய வழக்கில் ‘மிர்ச்’ என்ற ஒரே சொல் மிளகையும் மிளகாயையும் குறிக்கும் என்பதால், ஆங்கிலத்தில் சிவப்பு மிளகு என்று வந்திருப்பது மூலத்தில் மிளகாயாக இருந்திருக்கலாம். மிளகாய்க்குக் காரம் குறைவு என்று சமையலறைப் பக்கம் ஒரு நாள் போனவர்கூடச் சொல்லமாட்டார். அந்த வாக்கியம் சமையலைப் பற்றியதன்று என்று கடிதத்தைக் கேட்கும் ஊராருக்கு உணர்த்தும் வேலையை அந்தப் பொருந்தாமையே செய்திருக்க வேண்டும். பெண்களைப் பழங்களாகக் குறிப்பிட்டு எழுதிய கடிதங்களும் இருந்தன. தம்பியைப் பட்டாளத்தில் சேர விடாதீர்கள் என்பதையும் பலர் இப்படிச் சுற்றி வளைத்தே எழுதினார்கள்.

எனவே, கடிதங்களில் வெளிப்படையாக வரும் புகழ்ச்சியை அப்படியே ஏற்கவும் கூடாது, முழுவதும் பொய்யென்று ஒதுக்கவும் கூடாது. தணிக்கைக்குப் பயந்து சொல்லத் தேவையில்லாத ஒன்றை ஒருவர் சொன்னால், அல்லது சொன்னால் ஆபத்து என்று தெரிந்தும் சொன்னால், அந்த வரிக்கு எடை அதிகம். இந்த அளவுகோலை வைத்துப் படித்தால் தொகுதியில் நம்பத்தகுந்தவை ஏராளமாக இருப்பது தெரியும்.

போர்க்களத்தைப் பற்றி அவை என்ன சொல்கின்றன?

படைத்தலைமை எழுதும் வரலாற்றில் வரும் செய்திகளில் மிகச் சிலவே அவற்றில் வருகின்றன. எந்தச் சண்டை, எந்த இடம், எதிர்ப்படையின் எண்ணிக்கை என்பவற்றைத் தணிக்கை அனுமதிக்காது. சிப்பாய்க்கும் அவை முழுதாகத் தெரியாது. 1915 மார்ச் 10 முதல் 13 வரை நடந்த நெவ் ஷப்பேல் தாக்குதலை எடுத்துக்கொள்வோம். 35 நிமிடம் பீரங்கிகள் முழங்கியபின், தாக்கிய படையில் பாதியளவாக இருந்த இந்தியர்கள் முன்னேறி ஊரைப் பிடித்தார்கள். பின்னர் தாக்குதல் முடங்கியது. இந்தியப் படையில் மட்டும் இறந்தோரும் காயமடைந்தோரும் சேர்த்து 4,000-க்கு மேல். வரைபடத்தோடு இதைச் சொல்லும் நூல்கள் பல உள்ளன. அதே காலத்துக் கடிதங்களிலோ, எவ்வளவு பேர் போனார்கள், எவ்வளவு பேர் திரும்பினார்கள் என்ற கணக்கும், ஊர்க்காரர் யார் யார் இறந்தார்கள் என்ற பட்டியலும், உவமைகளும்தான் வருகின்றன.

அந்த உவமைகள் என்னை விட்டு நீங்காதவை. குண்டுகள் மழையாகப் பொழிகின்றன. மனிதர்கள் புழுக்களாகச் சாகிறார்கள். காயம் ஆறியவர்களைத் திரும்பவும் போர்முனைக்கே அனுப்பியபோது, இரண்டாம் முறை அடுப்பில் கொட்டப்படும் தானியம் போலானோம், இனி உயிர் மிஞ்சாது என்று ஒருவர் எழுதினார். இங்கிலாந்து மருத்துவமனையிலிருந்து காயம்பட்ட ராஜபுத்திரர் ஒருவர் 1915 ஜனவரியில் எழுதிய கடிதம், இது போரன்று, உலகத்தின் முடிவு என்று சொல்லி, நம் முன்னோரைப் பற்றி மகாபாரதம் சொல்லும் போர் இப்படிப்பட்டதே என்று தொடர்கிறது. எந்திரத் துப்பாக்கிப் போரை முன்பின் கண்டிராத ஒருவர், தம்மிடம் இருந்த மிகப் பெரிய போரின் அளவைக் கொண்டு இந்தப் போரை அளந்திருக்கிறார். குருட்சேத்திரமும் அழிவில் முடிந்த போர் என்பது அவருக்கு விளக்க வேண்டிய செய்தியன்று.

நச்சுப் புகையை மேற்குப் போர்முனையில் ஜெர்மானியர் முதன்முதலில் பெருமளவில் பயன்படுத்தியது 1915 ஏப்ரல் 22 அன்று. நான்கு நாள் கழித்து லாகூர் பிரிவு அதே பகுதியில் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டது. முகமூடி இல்லாத காலம் அது. நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டார்கள்.

காயம்பட்டவர்கள் எங்கே சிகிச்சை பெற்றார்கள்?

பலர் இங்கிலாந்தின் தென்கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பிரைட்டன் நகரில் இந்தியக் கட்டடக் கலையை நினைவூட்டும் குவிமாடங்களோடு நிற்கும் ராயல் பெவிலியன் என்ற பழைய அரண்மனை 1914 டிசம்பரில் இந்தியர்களுக்கான மருத்துவமனையாயிற்று. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்களும், சாதிக்கும் மதத்துக்கும் ஏற்பத் தனிச் சமையலறைகளும் அமைக்கப்பட்டன. அங்கே எடுக்கப்பட்ட புகைப்படங்கள் அஞ்சலட்டைகளாக இந்தியாவில் பரப்பப்பட்டன. அரசர் தம் அரண்மனையையே சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டார் என்று கடிதங்களில் வியப்போடு எழுதியவர்கள் உண்டு. உண்மையில் அந்தக் கட்டடம் நகராட்சிக்கு விற்கப்பட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

அதே நகரின் கிச்சனர் மருத்துவமனையில் நோயாளிகள் வெளியே உலவக் கடும் தடை இருந்தது. ஆங்கிலப் பெண்களோடு பழகிவிடக் கூடாது என்பதே அதிகாரிகளின் கவலை. உபசரிப்பும் சிறைவைப்பும் ஒரே ஊரில், ஒரே நேரத்தில் நடந்தன. பிரைட்டனில் இறந்த இந்து, சீக்கிய வீரர்களில் 53 பேர் தகனம் செய்யப்பட்ட குன்றில் 1921-இல் சத்ரி என்ற வெள்ளைச் சலவைக்கல் மண்டபம் எழுப்பப்பட்டது.

போருக்குத் தப்பத் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார்கள் என்ற குற்றச்சாட்டு உண்மையா?

1914-இன் இறுதியில் கையில் காயத்தோடு வந்த இந்தியர்களின் தொகை மிகுதியாக இருந்ததால் இந்தச் சந்தேகம் எழுந்தது. ஒரு சிலர் அவ்வாறு செய்து தண்டிக்கப்பட்டதும் உண்மை. ஆனால் கிச்சனர் மருத்துவமனையின் தலைவரான கர்னல் புரூஸ் சீட்டன் 1,000 காயங்களை ஆராய்ந்து, பரவலாகத் தற்காயம் நடந்தது என்பதற்கு ஆதாரமில்லை என்ற முடிவுக்கு வந்தார். பதுங்குகுழியில் துப்பாக்கியை உயர்த்திச் சுடுபவரின் உடலில் வெளியே தெரிவது தலையும் கையும். தலையில் பட்டவர் மருத்துவமனைக்கு வருவதில்லை. பொதுவான கோழைத்தனத்துக்குச் சான்றாக இந்தக் குற்றச்சாட்டை இன்றும் எழுதுகிறவர்கள் சீட்டனின் ஆய்வைப் படிக்க வேண்டும்.

சிப்பாய்கள் அரச விசுவாசத்தால் போரிட்டார்களா, சம்பளத்துக்காகவா?

இரண்டும் உண்டு, இன்னும் சிலவும் உண்டு. கடிதங்களில் அடிக்கடி வரும் சொல் ‘இஸ்ஸத்’. மானம், குலப்பெருமை, ஊராரின் மதிப்பு எல்லாம் அதில் அடங்கும். அடுத்து வருவது உப்பு: அரசரின் உப்பைத் தின்றோம், அதற்குக் கடன் தீர்க்க வேண்டும் என்பது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் மொழியில் பிறந்த நமக்கு இந்த வாதம் எளிதில் புரியும். அவர்கள் பேசியது உண்ட சோற்றுக்கு இரண்டகம் செய்யாமையைப் பற்றி; ஏகாதிபத்தியத்தின் நியாயத்தைப் பற்றியன்று. பணமும் முக்கியம். மழை பொய்த்த நிலத்துக்கும், அண்ணன் தம்பிகளுக்கு இடையே துண்டுபட்ட காணிக்கும், சிப்பாயின் மாதச் சம்பளமும் பின்னால் வரும் ஓய்வூதியமும் பெரிய ஆதரவு.

பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் குதாதாத் கான். 1914 அக்டோபர் 31 அன்று ஹொல்லபேக் என்ற இடத்தில், தம் எந்திரத் துப்பாக்கிக் குழுவில் மற்ற அனைவரும் மடிந்தபின்னும் காயத்தோடு சுட்டுக்கொண்டிருந்தவர் அவர். அதே போர்முனையில் எதிர்ப்பக்கம் போனவர்களும் இருந்தார்கள். 1915 மார்ச் தொடக்கத்தில் ஜமேதார் (இளநிலை இந்திய அதிகாரி) மீர் மஸ்த் என்ற அஃப்ரிதி பட்டாணியர் சில வீரர்களோடு ஜெர்மானியரிடம் சேர்ந்தார். அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவரான மீர் தஸ்த், அடுத்த மாதம் நச்சுப் புகைக்கு நடுவே காயம்பட்ட அதிகாரிகளைச் சுமந்து காப்பாற்றி விக்டோரியா சிலுவை பெற்றார். ஒரு தாய் மக்கள் இருவர் எடுத்த இந்த இரண்டு முடிவுகளையும் விளக்கவல்ல ஒற்றைக் காரணத்தை நான் எங்கும் கண்டதில்லை.

போரைத் தவிர வேறு எதைப் பற்றி எழுதினார்கள்?

கடிதங்களில் பல ஊரைப் பற்றியவை. பிளேக் நோய், மாட்டு விலை, வழக்கு, தங்கையின் திருமணம், பதில் எழுதாத தம்பி மீது கோபம். அனுப்பச் சொல்லிக் கேட்டவை நெய், இனிப்பு, அபின். பிரான்சில் வீடுகளில் தங்கவைக்கப்பட்ட குதிரைப்படையினர் அங்குள்ள வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்தார்கள். பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்த மூதாட்டி ஒருவர் தம் துணியைத் துவைத்து, காப்பி கொடுத்து, பெற்ற தாய்போல் பார்த்துக்கொண்டதை ஒருவர் எழுதினார். பெண்கள் ஏர் உழுவதையும் கணக்கு எழுதுவதையும் கண்டு, நம் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று வீட்டாருக்கு எழுதியவர்கள் பலர். இந்த வரிகளை எந்தத் தணிக்கையாளரும் எதிர்பார்க்கவில்லை. படைவரலாற்றில் இடம்பெறாவிட்டாலும், சிற்றூர்ப் பெண்கல்வியின் வரலாற்றை எழுதுகிறவர் பார்க்க வேண்டிய இடம் இது.

போர்க் கைதிகளின் குரல் பதிவாகியிருக்கிறதா?

எழுத்தில் மட்டுமின்றி ஒலியிலும் இருக்கிறது. பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃப் என்ற இடத்தில் ஜெர்மானியர் நடத்திய முகாமில் முஸ்லிம் கைதிகளும் இந்தியக் கைதிகளும் வைக்கப்பட்டிருந்தார்கள். 1915 முதல் 1918 வரை ஜெர்மானிய மொழியியலாளர்களும் இசை ஆய்வாளர்களும் இதுபோன்ற முகாம்களுக்குச் சென்று, ஏறத்தாழ 250 மொழிகளிலும் கிளைமொழிகளிலும் கைதிகளின் பேச்சையும் பாட்டையும் இசைத்தட்டில் பதிவு செய்தார்கள். 1916 டிசம்பர் 11 அன்று பதிவான ஒரு பஞ்சாபிச் சிப்பாயின் பேச்சு மிகச் சிறியது. இந்துஸ்தானத்தில் வெண்ணெய் தின்று பால் குடித்து வளர்ந்த ஒரு மனிதன் இருந்தான், ஆங்கிலேயரிடம் வேலைக்குச் சேர்ந்தான், ஐரோப்பியப் போருக்கு வந்தான், ஜெர்மானியர் பிடித்துக்கொண்டார்கள், ஊருக்குப் போக விரும்புகிறான், இன்னும் இரண்டு ஆண்டு இங்கே இருந்தால் செத்துவிடுவான் என்று அவர் தம் வரலாற்றையே வேறு யாருடையதோ போலச் சொல்கிறார். பதிவு செய்தவர்களுக்கு உச்சரிப்பு வேண்டியிருந்தது. பேசியவர் அந்த ஓரிரு நிமிடத்தைத் தம் நிலையைச் சொல்லப் பயன்படுத்திக்கொண்டார். தணிக்கையாளரின் ஆங்கிலம் இடையில் வராத சாட்சியம் என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

இந்தக் கடிதங்களில் தமிழர்கள் எழுதியவை உண்டா?

பிரான்சுக்குச் சென்ற காலாட்படைப் பிரிவுகள் பெரிதும் பஞ்சாபியர், பட்டாணியர், கூர்க்காக்கள், கட்வாலியர் ஆகியோரைக் கொண்டவை. சில இனத்தாரே போருக்கு ஏற்றவர்கள் என்று சொன்ன ‘போர்க்குடிகள்’ கொள்கையின்படி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தென்னாட்டாரைப் படையில் சேர்ப்பது குறைக்கப்பட்டிருந்தது. அந்தக் கொள்கையைப் பரப்பிய ராபர்ட்ஸ் பிரபு 1880-களில் சென்னைப் படைக்கே தலைமை தாங்கியவர். முந்தைய நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தியாவைப் பிடித்துக் கொடுத்த சென்னைப் படையை ஒரே தலைமுறைக்குள் போருக்கு உதவாதவர்கள் என்று ஒதுக்கியதில் அறிவியல் எதுவும் இல்லை. சாட்சியத் தொகுதியில் நம்மவர் குரல் அரிதாக இருப்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

வேறு களங்களில் அவர்கள் இருந்தார்கள். பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-ஆம் படைப்பிரிவு 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் நடந்த, தோல்வியில் முடிந்த தரையிறக்கத்தில் பங்கேற்றது. மேற்குப் போர்முனையில் முள்வேலியைத் தகர்க்கப் பயன்பட்ட ‘பெங்களூர் டார்ப்பிடோ’ என்ற வெடிகுழாய், 1912-இல் பெங்களூரிலிருந்த சென்னை சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையின் மெக்ளின்டாக் என்ற அதிகாரி உருவாக்கியது. முதல் சிப்பாய்கள் மார்செயில் இறங்குவதற்கு நான்கு நாள் முன்பு, 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. கெட்டிக்காரரை ‘எம்டன்’ என்று அழைக்கும் பழக்கத்தை அந்த இரவு நம் மொழிக்கு விட்டுச்சென்றது.

கடிதங்களைத் தவிர வேறு நேரடிச் சாட்சியங்கள் யாவை?

மூன்றை மட்டும் சொல்கிறேன். ஜெய்ப்பூரைச் சேர்ந்த அமர் சிங் என்ற அதிகாரி 1898 முதல் 1942-இல் இறக்கும் வரை நாள்தோறும் ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதினார், 89 தொகுதிகள். பிரான்சில் இருந்த காலமும் அவற்றில் அடக்கம். யாருடைய தணிக்கைக்கும் உட்படாமல், இந்தியச் சிப்பாய்களைப் பற்றிய அதிகாரிகளின் இழிசொற்களுக்கு அவர் உள்ளூர மறுமொழி எழுதிவந்தார்.

மற்ற இரண்டும் மெசபடோமியாவைச் சேர்ந்தவை. கூத் நகர முற்றுகை 1916 ஏப்ரல் 29 அன்று சரணடைவில் முடிந்தபோது கைதியானவர்களில் வங்காள மருத்துவர் கல்யாண் முகர்ஜி ஒருவர். இரத்த வெள்ளத்துக்குக் காரணமே ஆங்கிலேயர் நமக்குக் கற்பித்த தேசபக்திதான் என்று அவர் 1915-இலேயே வீட்டுக்கு எழுதினார். 1917-இல் சிறையிருப்பிலேயே இறந்தார். அவருடைய பாட்டி மோட்சதா தேவி அந்தக் கடிதங்களைச் சேர்த்து நூலாக்கினார். வங்காள மருத்துவ உதவிப் படையைச் சேர்ந்த சிசிர் சர்வாதிகாரி தம் நாட்குறிப்பின் தாள்களைக் கிழித்துப் பூட்சுக்குள் மறைத்து எடுத்துவந்து, பல ஆண்டுகளுக்குப்பின் வெளியிட்டார். இவை வங்காளியில் எழுதப்பட்டவை.

குடும்பத்தில் ஒருவர் அந்தப் போரில் இறந்ததாகச் சொல்கிறார்கள். எங்கே தேடுவது?

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பெயர், படைப்பிரிவு எண், இறந்த நாள் ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இறந்து கல்லறை அறியப்படாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் 1927-இல் திறக்கப்பட்ட நெவ் ஷப்பேல் நினைவிடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆங்கில எழுத்துக்கூட்டல் பலவிதமாக இருக்குமாதலால், பெயர் கிடைக்கவில்லையென்று உடனே கைவிட வேண்டாம். ஊர்ப்பெயரையும் படைப்பிரிவையும் வைத்து மறுபடி தேடுங்கள். வீட்டில் பழைய பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள், வீரரின் எண்ணும் பெயரும் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும்.

இக்கடிதங்களைத் தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆங்கிலத்தில் உள்ள தணிக்கை அலுவலக நடையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் உழவர் ஒருவர் வழக்கறிஞர் அறிக்கை வாசிப்பது போலாகும். அதற்கு மாறாக அவரைக் கோவில்பட்டிக் கரிசல் வழக்கில் பேச வைப்பதும் தவறு, அவர் பஞ்சாபியர். நடுவழியில் நிற்கும் எளிய உரைநடையே ஏற்றது. இஸ்ஸத், சர்க்கார், ஜமேதார் போன்ற சொற்களை மாற்றத் தேவையில்லை. மிளகுக் கடிதம் போன்றவற்றில் மூலச்சொல் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்து, ஊகம் என்பதைக் குறிப்பிட்டே பயன்படுத்த வேண்டும்.

ஒரு சீக்கியச் சிப்பாய் எழுதிய கடிதத்தில், பாதோன் மாதத்தில் களைத்த காளைகளும் எருமைக்கடாக்களும் படுத்துவிடுவதைப் போல இந்தக் களைத்த உலகம் படுத்துக் கிடக்கிறது என்று வருகிறது. பாதோன் என்பது நம் ஆவணியை ஒட்டிய மாதம். ஆவணி என்று போட்டால் மாதக்கணக்கு சரியாகும். ஆனால் தமிழ் வாசகருக்குத் தோன்றுவது முகூர்த்த மாதம். மழை நடுவில் காற்று நின்றுபோய், வெக்கையும் ஈரமும் சேர்ந்து, மாடுகள் எழுந்து நிற்கவும் மாட்டாத பஞ்சாப்பின் புழுக்கத்தையே அவர் சொல்கிறார். பாதோன் என்றே எழுதி, அதற்கு ஒரு வரி விளக்கம் தருவதே அங்கே முறை.